செங்கல் நிறப் புடவை

மதராசுக்கு அவசரமாக ஒரு டிரங்க்கால் வேண்டும் என்று ஸ்ரீரங்கத்திலிருந்து கேட்டார்கள். காலை எட்டரை மணி. நான் அப்போதுதான் டெலிபோன் போர்டின் முன் உட்கார்ந்திருந்தேன். இணைத்துவிட்டு, பேச்சு தெளிவாகக் கேட்கிறதா என்று பார்க்க ஒரு கணம் லைனில் இருந்தேன். "அம்பி, பத்மா போயிட்டாடா. கார்த்தால அஞ்சு மணிக்கு. பொறப்பட்டு வா" என்றது ஒரு குரல். பத்மாவின் அப்பா. மூன்று நிமிடம் முடிந்ததும் நாம் குறுக்கே வந்து சொல்ல வேண்டியதை அன்று நான் சொல்லவில்லை. அவர் அழுது முடிக்கும்வரை லைனை விட்டுவைத்தேன்.

நம் எக்ஸ்சேஞ்சில் பத்மாவைத் தெரியாதவர்கள் இல்லை. கத்துகிற சந்தாதாரர்களையெல்லாம் அவள் பக்கம்தான் தள்ளிவிடுவோம். ஆனால் கூட வேலை பார்த்த உங்களில் எவருக்கும் தெரியாத ஒன்று உண்டு. நான்கு வருடங்களாக அவளுக்குச் சர்க்கரை வியாதி. தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டுதான் நம்மோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். கடைசி நாள்வரை அவள் வீட்டிலும் இது தெரியாது.

உடம்பு பாதியாகி, தண்ணீர்க் கூஜாவைக் கீழே வைக்காமல் இருந்த நாட்களில் நான்தான் அவளைத் தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு டாக்டரிடம் அழைத்துப்போனேன். மருந்துச் சீட்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தவள், "ஆத்துல சொல்லிடாதேடி. எனக்கப்புறம் வைதேகி இருக்கா. ஊசி போட்டுக்கற பொண்ணோட தங்கையை யாரு கேட்டு வருவா?" என்றாள். சொல்ல மாட்டேன் என்றேன்.

அன்றிலிருந்து பாலக்கரையில் எங்கள் வீடுதான் அவளுக்கு மருத்துவமனை. அடுப்படி மூலையில், ஈர மணலில் புதைத்த சிறு பானைக்குள் மருந்துப் பாட்டில் இருக்கும். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து, மெயின்கார்டு கேட்டில் இறங்கி, நடந்தே வருவாள். நடப்பது நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் கண்ணாடி ஊசியைக் கொதிக்க வைப்பேன். சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று அறிய, நீல மருந்தில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் காய்ச்சிப் பார்ப்பாள். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏற ஏற மோசம். செங்கல் நிறம் வந்தால் ஆபத்து. ஊசி போட்டு அரை மணி கழித்து அம்மா மூன்று இட்லி வைப்பார். நான்காவதை அவளே கேட்க மாட்டாள். "ரொம்பக் கறாரான மாமியார்டி இது. நேரத்துக்கு எழுந்து, நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்கு நடந்தா ஒரு வார்த்தை பேசாது" என்பாள். ஞாயிற்றுக்கிழமையும் டியூட்டி என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தாள்.

எக்ஸ்சேஞ்சில் மற்றவர்கள் காதில் விழாமல் பேச எங்களுக்குள் ஒரு வழி இருந்தது. மாலையில் அவளுக்குக் களைப்பாக இருந்தால், "என்ன புடவை?" என்று கேட்பேன். "மஞ்சளுக்கு வந்துடுத்து" என்பாள். நாங்கள் எப்போது பார்த்தாலும் புடவைக் கதை பேசுகிறோம் என்று நீங்கள் கேலி செய்ததுண்டு.

ஏகாதசியை மட்டும் அவள் விடவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஓர் ஏகாதசியன்று ஊசி போட்டுக்கொண்டு, இட்லியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு டியூட்டிக்கு வந்தாள். பதினொரு மணிக்குக் கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது, எண்களை மாற்றி மாற்றிச் சொன்னாள். அவளை ஓய்வறைக்கு இழுத்துப்போய்ச் சர்க்கரையை வாயில் திணித்தேன். தெளிந்ததும், "பெருமாள் கணக்குல ஒரு ஏகாதசியைக் கெடுத்துட்டியே, பாவி" என்று சிரித்தாள். பயத்திலிருந்து நான் இன்னும் மீளவில்லை. "இனிமே பட்டினி கெடக்குற அன்னைக்கு ஊசி வேணாம்டி. சாப்பாடே இல்லாதப்ப மருந்து எதுக்கு?" என்றேன்.

டாக்டரைக் கேட்கவில்லை. கேட்டால் ஏகாதசியே கூடாது என்பார், அது அவளுக்குத் தெரியும். புத்தகம் படிக்கிறவள் என்று எனக்கொரு பெயர் இருந்தது. நான் சொன்னது அவளுக்குப் போதுமாக இருந்தது. அதன்பின் வந்த ஏகாதசிகளில் ஊசி இல்லாமல் இருந்தாள். மறுநாள் ஆரஞ்சு காட்டும். இரண்டு நாளில் இறங்கிவிடும். என் யோசனை சரிதான் என்று நம்பினோம்.

இந்த மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்கு லீவு போட்டாள். கூட்டத்தில் நின்றதிலோ பனியிலோ, காய்ச்சல் வந்துவிட்டது. துவாதசியன்று வாயில் வைத்ததெல்லாம் வாந்தி. சாப்பிடவில்லை, ஆகவே ஊசிக்கும் வரவில்லை. அதற்கு மறுநாளும் அப்படியே. அன்று மத்தியானம் வைதேகி தபாலாபீசிலிருந்து என்னைப் போனில் கூப்பிட்டாள். "அக்கா ஜுரமாப் படுத்திண்டிருக்கா. செங்கல் கலர் புடவைன்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னா. எந்தப் புடவைன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறா."

பானையிலிருந்து பாட்டிலையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். காவேரிப் பாலம் அத்தனை நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. கூடத்தில் பாய் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். நெஞ்சு ஏறி இறங்க இழுத்து இழுத்து மூச்சு விட்டாள். மூச்சில் கனிந்து அழுகிய பழத்தின் வாடை. "பட்டினி தாங்கலைம்மா. நாளைக்கு எழுந்து உக்காந்துடுவா" என்றார் அவள் அம்மா. பத்மா என்னைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் தலையை அசைத்தாள். அவளைத் தனியாக விடுவார்கள் என்று, கைப்பையில் ஊசியோடு அரை மணி நேரம் அந்தச் சுவரோரம் நின்றேன். யாரும் நகரவில்லை. பிறகுதான் வியாதியையும் ஊசியையும் பற்றிச் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "எத்தனை நாளா ஊசி இல்லை?" மூன்று நாள் என்றேன். "பட்டினியா இருந்தாலும், காய்ச்சல்ல படுத்தாலும், இந்த மருந்தை நிறுத்தவே கூடாதும்மா. வேண்டாம்னு யார் சொன்னது?" பத்மாவின் அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் நின்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவளே நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் விடியும்போது அவள் இல்லை.

அந்தப் பெரியவர்கள் இன்னமும் தங்கள் பெண்ணின் பிடிவாதத்தை நொந்துகொள்கிறார்கள். அப்படி நொந்துகொள்ள வேண்டாம். அவள் நான்கு வருடம் ஒரு இட்லிகூடக் கூடுதலாகச் சாப்பிடாதவள். வேண்டாம் என்று சொன்னது நான்.

அவளிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு கண்ணாடி ஊசி, பாதி மருந்துள்ள பாட்டில். காலையில் அம்மா பழக்க தோஷத்தில் பானையைச் சுற்றியுள்ள மணலுக்குத் தண்ணீர் தெளிக்கிறார். போதும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.