காரிலேயே இருந்த கொக்கி

குணசேகரன் அண்ணன் காலமான செய்தி, ஈப்போ நீதிமன்றத் தாழ்வாரத்தில் என் வழக்கு அழைக்கப்படுவதற்காக நான் காத்திருந்தபோது வந்தது. அவருடைய மனைவி லெட்சுமி அக்கா பேசினார். "முடிஞ்சி போச்சி தம்பி. வீட்டுக்குக் கூட்டம் வரும். பின்னால ரூம யாரும் தொறக்காம பாத்துக்குங்க. பாம்புங்க பயந்துக்கும்." மூன்று நாட்களாக அண்ணன் மருத்துவமனையில் இருந்தார். எதிர்பாராத செய்தி என்று நான் சொல்லமாட்டேன்.

அவரை அறிந்தவர்களுக்கு அந்தப் பின்னறை தெரியும். ஜெலாப்பாங்கில் தொழிற்சாலை வேலை முடிந்து வந்ததும் அவர் நேரே அங்குதான் போவார். சுவர் முழுக்க அடுக்கிய பிளாஸ்டிக் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு மலைப்பாம்பு. அச்சம் வந்தால் தலையை உள்ளே மறைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும், நஞ்சில்லாத, அயல்நாட்டு இனம். அவற்றை இனப்பெருக்கம் செய்து, வளர்க்க விரும்புவோருக்கு உரிமத்துடன் விற்றுவந்தார். உரிமத்துக்கான தாள்களைத் தயாரிக்கும் வழக்கறிஞன் என்ற முறையில்தான் எனக்கு அவர் பழக்கம்.

முதல் நாள் ஒரு பெட்டியை இழுத்தவர், கையை விடுமுன் ஓர் இரும்புக் கொக்கியால் பாம்பின் தலையை மெல்ல இரண்டு முறை தொட்டார். "கதவத் தட்டுற மாதிரி தம்பி. தட்டாம கைய வுட்டா தீனின்னு நெனச்சிக்கும்."

"இத்தனை வருஷமா வளக்கிறீங்களே, இன்னுமா?"

"அதுக்கு எம்பேரு தெரியாதுலா. எங்கைச் சூடு மட்டுந்தான் தெரியும்."

கொக்கி இல்லாமல் அவர் கையை விட்டு நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு முறையைத் தவிர.

விற்பனை ஒப்பந்தத்தை எழுதியபோது எங்களுக்குள் ஒரு வாக்குவாதம். வாங்கியவரால் வளர்க்க முடியாமல் போனால், பாம்பு எங்கிருந்தாலும் தாமே வந்து எடுத்துக்கொள்வதாக எழுதச் சொன்னார். "எங்கிருந்தாலும்" என்பது மிக விரிந்த சொல், அதற்கு ஓர் எல்லை வேண்டும் என்றேன். அவர் சிரித்தார். "நீங்க பெத்த புள்ளய தேடுறதுக்கு ஈப்போ எல்லைக்குள்ளன்னு எழுதுவீங்களா?" அந்தச் சொல் அப்படியே நின்றது.

சென்ற மாதம் பரமேஸ்வரி அக்கா என்பவர் வந்தார். அவரும் ஜெலாப்பாங்கில் வேலை செய்பவர். காம்பார் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். அவர் கேட்டது, உடல் முழுதும் வெண்மையான ஒரு பாம்பை. "எதுக்குக்கா?" என்று அண்ணன் கேட்டார். "வளக்கத்தான் அண்ணே." சொல்லும்போது அவர் கைகள் மார்பருகே கூப்பியிருந்தன. நான் அதைக் கவனித்தேன். சாட்சிகளிடம் இதைவிட அற்பமான கேள்விகளைக் கேட்டிருக்கிறேன். அன்று எதையும் கேட்கவில்லை. அவர் கையெழுத்திட்டார்.

இரண்டு வாரம் கழித்து, பாம்பு எப்படி இருக்கிறது என்று அண்ணன் விசாரித்தபோது பதில் வந்தது. மகளுக்கு நாகதோஷமாம், மூன்று சம்பந்தம் தட்டிப்போனதாம். "தோட்டத்துப் புத்துல வுட்டுட்டோம் அண்ணே. வெள்ளைச் சாமி இல்லியா?"

அண்ணன் கோபப்படவில்லை. "பெட்டிக்குள்ள பொறந்த புள்ள தம்பி. மழையே பாத்ததில்ல. அந்தப் புத்துல நாகமும் இருக்கும்" என்றார். ஞாயிறு காலை என் காரிலேயே போனோம்.

ரப்பர் மரங்கள் எப்போதோ போய், அங்கே எண்ணெய்க்கான செம்பனை நிற்கிறது. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயன் வீடுகளும் இல்லை. மிஞ்சியிருப்பது தகரக் கூரைக்குக் கீழே இடுப்புயரப் புற்றும், மஞ்சள் துணியும்தான். எங்களுக்காகக் காத்திருந்த பரமேஸ்வரி அக்கா கொக்கியைப் பார்த்ததும் குறுக்கே வந்து நின்றார். "புத்துக்கிட்ட இரும்பு வரக்கூடாது அண்ணே. எங்கப்பா காலத்துலேருந்து அப்படித்தான். எம்பொண்ணு வாழ்க்க அண்ணே."

அண்ணன் என்னைப் பார்த்தார்.

"அவங்க சாமி கும்புடுற எடம் அண்ணே. கார்லயே வெச்சிடுங்க. எதுக்கு வீண் தகராறு?" என்றேன்.

"சட்டம் தெரிஞ்சவரு சொன்னா சரிலா." சிரித்துக்கொண்டே கொக்கியைக் காரின் பின்பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார்.

புற்றின் பக்கவாட்டில் ஒரு துளை இருந்தது. அவர் மண்டியிட்டு எட்டிப் பார்த்தார். "வெள்ளையாத் தெரியுது. சுருண்டு கெடக்கு பாவம்." பிறகு, வெறும் விரலால், துளையின் ஓரத்து மண்ணை இரண்டு முறை தட்டினார். கையை உள்ளே விட்டார்.

அவர் அலறவில்லை. கையை வெளியே எடுத்து, அதைத் திருப்பிப் பார்த்து, "இது நம்ம புள்ள இல்ல தம்பி" என்றார். துளைக்குள்ளிருந்து படமெடுத்த தலை ஒன்று எழுந்து, மறைந்தது. வெள்ளையாகத் தெரிந்தவை யாரோ படைத்த முட்டைகளின் ஓடுகள்.

மருத்துவமனைக்குப் போகும் வழியில், பேச்சு குழறத் தொடங்கும் முன், அவர் சொன்னவை இரண்டு. "அந்தக்கா மேல கேஸு கீஸு போட்டுடாதீங்க. வெள்ளையத் தேடச் சொல்லுங்க." மருத்துவர்கள் தங்களால் இயன்றதையெல்லாம் செய்தார்கள்.

வெள்ளை இன்றுவரை கிடைக்கவில்லை. பரமேஸ்வரி அக்கா வாரந்தோறும் போய்த் தேடுகிறார், முட்டையும் வைக்கிறார். அடுத்த முறை போகும்போது முட்டை இருப்பதில்லை என்கிறார். "வெள்ளைதான் சாப்புடுது, உயிரோடதான் இருக்கு தம்பி." அந்த இனம் முட்டை தின்னாது என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

இறுதிச் சடங்கு முடிந்த பின் லெட்சுமி அக்கா பின்னறை வாசலில் நின்று கேட்டார். "கொக்கி எங்க தம்பி? அது இல்லாம அவரு கைய வுடமாட்டாரே." காரில் இருக்கிறது என்றேன். அது உண்மை, ஆனால் முழு உண்மை அல்ல. அவர் ஒரு மரக்கரண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். முதல் பெட்டியை இழுக்கும் ஓசையும், இரண்டு முறை தட்டும் ஓசையும் கேட்டன.

அண்ணனுடையதாக என்னிடம் இருப்பது அந்தக் கொக்கி ஒன்றுதான். இதை அச்சுக்குக் கொடுக்கும் நாளில் லெட்சுமி அக்காவிடம் சேர்த்துவிடுவேன். அதைக் காரில் வைக்கச் சொன்னவன் நான்தான் என்பதையும் அன்றே சொல்வேன்.