இறங்காதே என்று சொன்னேன்

மேடையில் அதிகாரி ஆங்கிலத்தில் சொன்னதற்கு நேரெதிராக நான் தமிழில் சொன்னேன். தெரிந்தேதான் சொன்னேன். வாய் தவறி வந்துவிட்டது என்று எழுதிக்கொடு, விட்டுவிடுகிறோம் என்றார்கள். எழுதிக்கொடுக்கவில்லை. இத்தனை வருடம் கழித்து இதை எழுதுவதும் மன்னிப்புக் கேட்பதற்காக இல்லை. நாளைக்கே அந்த மேடையில் ஏற்றி நிறுத்தினாலும் அதையேதான் சொல்வேன்.

எண்பதுகளின் பிற்பாதியில் கடலோரக் காவல் பிரிவு ஒன்றின் அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தேன். வீடு அம்பத்தூரில். எங்கள் தெருவில் ஆளாளுக்குத் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு கம்பெனி, ஒரு ஷிஃப்ட். நான் மட்டும் மின்சார ரயிலைப் பிடித்துக் கடற்கரை ஸ்டேஷன் வரை போகிறவள். பால் வாங்கப் போனால், "இன்னாமே, கப்பல் கெளம்பிடுச்சா?" என்று வம்புக்கு இழுப்பார்கள். நான் கப்பலை ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. ஒரே ஒரு தடவை ஏற்றிக்கொண்டு போனார்கள், குடல் வெளியே வராத குறை. அதை மட்டும் தெருவில் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த அலுவலகத்தில் மக்கள் தொடர்பு என்று ஒரு பலகை தொங்கும். பலகைக்குக் கீழே ஒரே ஓர் அதிகாரி. மீனவர் குப்பங்களுக்குப் போய்ப் புயல் எச்சரிக்கை, மிதவைச் சட்டை பற்றியெல்லாம் பேசுவது, பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் படம் காட்டி, பெரியவனானதும் படையில் வந்து சேருங்கள் என்று சொல்வது, இவைதான் அவர் வேலை. மனிதர் வடக்கே மலையடிவாரத்து ஊர்க்காரர். வேலையில் சேர்ந்த பிறகுதான் கடலையே பார்த்தாராம். தமிழில் அவருக்கு 'வணக்கம்', 'சாப்பாடு' இரண்டும்தான் தெரியும். எனக்கு இரண்டு மொழியும் வரும், தொண்டையும் பெரிது. அதனால் தட்டச்சு மேஜையிலிருந்து என்னை எழுப்பி அவரோடு ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

அவர் இரண்டு வாக்கியம் பேசி நிறுத்துவார். நான் அதைத் தமிழில் சொல்வேன். அன்று வரைக்கும் ஒரு சொல் கூட்டியதில்லை, குறைத்ததில்லை. அவருடைய நகைச்சுவையைக்கூட விட்டதில்லை. "இது சார் சொன்ன ஜோக்கு, எல்லாரும் சிரிங்க" என்பேன், பிள்ளைகளும் சிரிப்பார்கள். அவருக்கு முகம் மலர்ந்துவிடும்.

கரையான்சாவடி தாண்டி ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தபோது அலுவலகத்தில் எல்லோரும் கேலி பேசினார்கள். அங்கே கடல் ஏது, கரை ஏது, எதைக் காவல் காப்பது என்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அந்தப் பக்கத்துக்காரி. கடல் இல்லாவிட்டால் தண்ணீரே இல்லை என்றா அர்த்தம்? அந்தப் பள்ளிச் சுவருக்குப் பின்னால், செங்கல் சூளைக்கு மண் வெட்டி வெட்டி விட்டுவிட்டுப் போன பள்ளம் ஒன்று இருந்தது. கோடையில் அதில் பிள்ளைகள் கோலி விளையாடும். மழை பெய்தால் நிரம்பிவிடும். எது கரை, எது ஆழம் என்று யாருக்கும் தெரியாது.

முந்தின வருட மழையில் அந்தப் பள்ளத்தில் பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்று வழுக்கி விழுந்திருக்கிறது. பத்தாவது படிக்கும் ஒரு பெண் பார்த்ததும் குதித்துவிட்டாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. சூளை ஆள் ஒருவர் மூங்கில் கழியை நீட்டிக் குழந்தையை இழுத்துப்போட்டார். குழந்தையைச் சுற்றி ஊரே நின்று அழுதுகொண்டிருந்தபோது, குதித்த பெண் மேலே வரவில்லை என்பது யாருக்கும் தோன்றவே இல்லை.

அதன் பிறகு ஊர் என்ன செய்தது? போஸ்டர் அடித்தது. வீரச்சிறுமி என்று எழுதியது. அவளுடைய அம்மாவைக் கூட்டத்துக்குக் கூட்டம் மேடையேற்றி, வீரத்தாய் என்று மாலை போட்டது. அந்தப் பள்ளத்தைச் சுற்றி ஒரு முள்வேலி போட மட்டும் ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை. இதையெல்லாம் தலைமையாசிரியை என்னிடம் சொன்னபோது எனக்கு வந்தது துக்கம் இல்லை, ஆத்திரம்.

அன்றைக்கும் அந்த அம்மாவை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட்டு செய்யும் கம்பெனியில் வேலை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். கடைசியில் அதிகாரி கையால் பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு. வெளியே தூறிக்கொண்டிருந்தது. பள்ளம் மறுபடி நிரம்பிவிட்டதாகத் தலைமையாசிரியை சொன்னார்.

பெண் இறந்த விஷயத்தை அதிகாரியிடம் தலைமையாசிரியையே ஆங்கிலத்தில் சொல்லியிருந்தார். அதிகாரி இளகிய மனசுக்காரர். வழக்கமாகப் பேசுவதை அப்படியே ஒதுக்கிவைத்துவிட்டு, கண் கலங்கப் பேச ஆரம்பித்தார். அந்தப் பெண் எங்களில் ஒருத்தி, வீரமுள்ளவர் ஆழம் பார்ப்பதில்லை, உங்களில் ஒவ்வொருவரும் அவளைப் போல இருக்க வேண்டும் என்றார். சொல்லிவிட்டு நிறுத்தி என்னைப் பார்த்தார்.

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் புரியாமல் பிள்ளைகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீருடை போட்ட பெரிய மனிதர் சொன்னது என்று நான் இதைச் சொன்னால் அப்படியே நம்புவார்கள். அடுத்த தடவை யாராவது விழுந்தால் வரிசையாகக் குதிப்பார்கள். அந்த வாக்கியம் என் வாயில் இருந்தது. அதைச் சொல்லாமல் துப்பிவிட்டேன்.

"சார் என்ன சொல்றாருன்னா, யாராவது தண்ணியில விழுந்தா நீங்க எறங்கக் கூடாது. எறங்கவே கூடாது."

அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. மாலுமிகளுக்கு நடக்கும் உயிர்காப்பு வகுப்பின் பாடங்களை நான்தான் தட்டச்சு செய்வேன். அதில் முதல் பாடமே அதுதான். கூப்பாடு போட்டு ஆளைக் கூப்பிடு. கழி இருந்தால் நீட்டு. துணி இருந்தால் வீசு. கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு பிடி, உன் காலை இன்னொருவர் பிடித்துக்கொள்ளட்டும். உன்னையும் இழுத்தால் கையை விட்டுவிடு. அதிகாரி ஹெலிகாப்டர் படத்தைக் காட்டிப் படையின் பெருமையைச் சொன்னார். நான் அதே படத்தைக் காட்டி, பாருங்கள், இவ்வளவு பெரிய ஆட்களே இடுப்பில் கயிறு கட்டாமல் இறங்குவதில்லை என்றேன். பத்தாவது பெண்கள் இரண்டு பேரின் தாவணிகளை வாங்கி முடிச்சுப் போட்டு வீசிக் காட்டச் சொன்னேன். அதிகாரி குழம்பிப்போய் இதென்ன என்று கேட்டார். அந்தக் காலத்துப் பாய்மரத்தை நடித்துக் காட்டுகிறார்கள் என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம், கைதட்டினார்.

ஒரு பெண் எழுந்து, ஈரமானால் துணி முழுகிவிடாதா மிஸ் என்று கேட்டாள். கப்பல் எவ்வளவு கனம் என்று கேட்கிறாள் என்று அவரிடம் சொன்னேன். அவர் டன் கணக்கை விளக்கி முடிப்பதற்குள் எனக்கு யோசிக்க நேரம் கிடைத்தது. நுனியில் ஒரு ரப்பர் செருப்பை வைத்து முடிந்துவிடு, வீசவும் தோதாக இருக்கும், மிதக்கவும் செய்யும் என்றேன். பிள்ளைகள் ஹோவென்று சிரித்தார்கள். கப்பல் எடையில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவர் யோசித்திருக்க வேண்டும், என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பொன்னாடை நேரம் வந்தது. அந்த அம்மா மேடையேறினார். அதிகாரி பொன்னாடையை விரித்துப் பிடித்தார். அந்த அம்மா கையால் தடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எம் பொண்ணு எறங்கனது தப்புன்றீங்களா மேடம்?"

பிள்ளைகளைக் காப்பாற்றக் கிளம்பியவள், இந்த அம்மா முன்னால் உட்கார்ந்திருந்ததை மறந்துபோயிருந்தேன். ஒரு வருடமாக ஊர் கொடுத்திருந்த ஒரே ஆறுதலையும் நான் ஒலிபெருக்கியில் பிடுங்கிவிட்டேன். இல்லைம்மா, அப்படி எல்லாம் இல்லை என்று நானே ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் அந்த அம்மா விடவில்லை.

"நீங்க சொல்லாதீங்க. அவராண்ட கேட்டு சொல்லுங்க. சொன்னது அவுரு தானே."

கேட்டால் என் குட்டு உடையும். வேலை போனாலும் போகும். ஆனால் பதில் சீருடையிலிருந்து வர வேண்டும் என்று அந்த அம்மா கேட்கிறார், அதைக் கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. ஒரு சொல் மாற்றாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி திகைத்துப்போனார். நான் அவளைப் புகழ்ந்தல்லவா பேசினேன், தப்பா என்று ஏன் கேட்கிறார், நீ என்ன சொன்னாய் என்றார். இறங்காதே என்று சொன்னேன், முதலிலிருந்தே அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றேன். அவர் கழுத்து சிவந்தது. கீழே இறங்கு என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

அவர் அந்த அம்மாவைப் பார்த்தார். பிறகு மெல்லப் பேசினார். அவர் முடிக்கும்வரை காத்திருந்து, பிசகாமல் தமிழில் சொன்னேன். நீச்சல் தெரிந்த எங்கள் ஆட்களையே கயிறு இல்லாமல் நாங்கள் இறக்குவதில்லை. உங்கள் பெண் செய்தது தப்பு இல்லை. அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதுதான் தப்பு. அது எங்களுடையது.

அந்த அம்மா தலையை ஆட்டினார். அழவில்லை. "இத யாராச்சும் எம் பொண்ணாண்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றார். பொன்னாடையை வாங்காமலே இறங்கிப் போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

திரும்பி வரும்போது ஜீப்பில் அதிகாரி கோபித்துக்கொண்டார். என்னைப் பொம்மையாக்கிவிட்டாய் என்றார். ஆமாம், அந்தப் பிள்ளைகளை நீங்கள் பள்ளத்துக்குள் அனுப்பப் பார்த்தீர்கள் என்றேன். அவர் நேர்மையான மனிதர், நடந்ததை மேலே எழுதிவிட்டார். நானாக இருந்தாலும் எழுதியிருப்பேன், அதில் அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. மேலதிகாரி கூப்பிட்டு, சொன்னது சரியா தப்பா என்பது கேள்வி இல்லை, அதிகாரி பேச்சை மாற்ற நீ யார் என்றார். அந்தப் பக்கத்துக்காரி என்றேன். மன்னிப்புக் கடிதம் கேட்டார். தட்டச்சுப் பொறி என் மேஜையில்தான் இருந்தது, தாளும் இருந்தது, கைதான் போகவில்லை. அதோடு மேடை போயிற்று. வேலையை மட்டும் விட்டுவைத்தார்கள். வீட்டில், உனக்கு எதற்கு இந்த வம்பு என்றார்கள். வம்புதான், வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

சில வாரம் கழித்து அம்பத்தூர் ஸ்டேஷனில் யாரோ பின்னாலிருந்து என் தோளைத் தட்டினார்கள். திரும்பினால் அந்த அம்மா, கம்பெனி முடிந்து கையெல்லாம் எண்ணெய்க் கறையோடு. நேராக விஷயத்துக்கு வந்தார். அடுத்த பள்ளிக்கூடம் எது என்று கேட்டார். என்னைப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள் அம்மா என்றேன்.

"அவுங்க வாணாம்னா இன்னா மேடம்? நம்மூர்ல சொல்றதுக்கு இன்னாத்துக்கு அவுங்க? வாய் உங்களுது தானே."

எனக்கு வெட்கமாகிவிட்டது. மேடையைப் பிடுங்கிவிட்டார்கள் என்று நான் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன். மேடை யாருக்கு வேண்டும்?

அம்பத்தூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு இரண்டு பேரும் போனோம். படம் இல்லை, ஜீப் இல்லை, சீருடை இல்லை. தலைமையாசிரியர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். எந்தச் சங்கம் என்று கேட்டார். எந்தச் சங்கமும் இல்லை, ஏரி நிரம்பியிருக்கிறது, அதனால் வந்தோம் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே பிள்ளைகளை மரத்தடியில் உட்கார வைத்தார்.

நான் தொடங்குவதற்குள் அந்த அம்மா முன்னால் போய் நின்றுவிட்டார். மேடையில் பேசிப் பழக்கமில்லாத குரல், கொஞ்சம் கரகரத்தது. "எம் பொண்ணு எறங்கிச்சி. யாரும் அதாண்ட சொல்லல. நான் உங்களாண்ட சொல்றேன். எறங்காதீங்க. கத்துங்க. துணிய வீசுங்க."

கொண்டுவந்திருந்த தாவணியை முடிந்து வீசிக் காட்டினார். கூட்டத்திலிருந்து ஒரு சின்னப் பெண் எழுந்து, துணி எட்டலைன்னா ஆன்ட்டி என்று கேட்டாள்.

தட்டச்சு செய்த பாடங்களில் அதற்குப் பதில் இருந்தது. ஆனால் இந்த அம்மா அதை எப்படிச் சொல்வார்? நான் குறுக்கே புக வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் சொல்லிவிட்டார்.

"எட்டலைனாலும் எறங்காத."

சொல்லிவிட்டுத் தாவணியைச் சுருட்டினார். கேள்வி கேட்ட பெண்ணை முன்னால் கூப்பிட்டு, அவள் கையில் கொடுத்து, வீசு பார்க்கலாம் என்றார்.