அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை

நான் ராயபுரத்துக்குக் குடிவந்தது ஐம்பதுகளின் நடுவில். யாழ்ப்பாணத்துக் கரையோரத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். என் கணவர் ராயபுரத்துக்காரர். கொழும்புத் துறைமுகத்தில் பாரந்தூக்கிகளைப் பழுது பார்க்கும் வேலையில் பல வருஷம் இருந்தார். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் இலங்கையில் தங்குவதற்கு அனுமதி வாங்க வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு அவரும் வாங்கினார். நீட்டித்தார்கள். மறுபடியும் நீட்டித்தார்கள். எங்களுக்குக் கல்யாணமான சில மாதங்களில் இனி முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அவர் போக வேண்டும் என்றால் நானும் போக வேண்டியதுதான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். அவருடைய ஊரில் பேசுவதும் தமிழ், மாதா கோயிலும் இருக்கிறது, கடலும் இருக்கிறது. அம்மாதான் அழுதா. அண்ணன்மார் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடலைத் தாண்டி அனுப்புவதற்கா உன்னைக் கட்டிக் கொடுத்தோம் என்று மூத்தவர் கேட்டார்.

தனுஷ்கோடியில் கப்பலை விட்டு இறங்கியதும் எங்களை இரண்டு வரிசையில் நிற்கச் சொன்னார்கள். அவர் இந்தியர் வரிசையில், நான் மற்ற வரிசையில். கல்யாணமான பிறகு நாங்கள் பிரிந்து நின்றது அதுதான் முதல் தடவை. என் முறை வந்தபோது அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே, எவ்வளவு நாள் தங்குவீர்கள் என்று கேட்டார்.

"குடும்பம் நடத்த வந்திருக்கிறன் ஐயா."

"சரி. அதுக்கு எவ்வளவு நாளாகும்?"

பக்கத்து வரிசையைப் பார்த்தேன். அவர் அதற்குள் வெளியே போய் எங்கள் தகரப்பெட்டிக்குப் பக்கத்தில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். அதிகாரியே ஏதோ எழுதி முத்திரை குத்தினார். இருக்கப்போகும் இடத்தைப் போலீசில் சொல்ல வேண்டும், ஆள் வந்து விசாரிப்பார்கள், தவணை முடிவதற்குள் நீட்டிக்க வேண்டும் என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பாதிதான் விளங்கியது.

ரயிலில் இன்னொரு குழப்பம். கொழும்பில் என் கணவர் ஏறக்குறைய எங்களைப் போலத்தான் பேசுவார். செங்கல்பட்டு தாண்டியதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரோடு பேச ஆரம்பித்தார். இரண்டு நிமிஷத்தில் அவர் வேறு ஆளாகிவிட்டார். கீது என்றார், வந்துகினு என்றார், பேஜாரு என்றார். நான் கட்டிக்கொண்ட மனிதர் எந்த மொழியில் சிரிக்கிறார் என்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். எழும்பூரில் இறங்கும்போது, "இன்னா, டயர்டா கீதா?" என்று என்னிடமே கேட்டார்.

அவருடைய தாய் தகப்பன் காலமாகிவிட்டார்கள். நெட்டுக்குப்பத்தில் தூரத்து உறவு கொஞ்சம் இருந்தது. ராயபுரத்தில் யாரும் மிஞ்சவில்லை. கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு முற்றமும் ஒரு குழாயும் உள்ள வீட்டில் ஓர் அறையும் சமையல் மூலையும் வாடகைக்குப் பிடித்தார். திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் வேலையும் கிடைத்தது. விடியற்காலையில் போனால் இருட்டித்தான் வருவார். போகும்போது, "எல்லாம் தமிழ்தானே, உனக்கு இன்னா கஷ்டம்" என்பார்.

கஷ்டமே அதுதான். ஒரு வெள்ளைக்காரியோ சீனாக்காரியோ வந்திருந்தால் அவளுக்கு எல்லாவற்றையும் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் தமிழ் பேசுகிறவள் என்பதால் எனக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. குழாயில் எப்போது தண்ணீர் வரும், குடத்தை எந்த வரிசையில் வைக்க வேண்டும், மண்ணெண்ணெய் எங்கே வாங்குவது, எந்தக் கடையில் கேட்டால் பாண் கிடைக்கும், ஒன்றும் தெரியாது. பாண் என்றால் எங்கள் ஊரில் ரொட்டி. இங்கே அந்தச் சொல்லைக் கேட்டதும் கடைக்காரர் வெற்றிலையை எடுத்து நீட்டினார். சர்க்கரை என்றால் எனக்குக் கருப்பட்டி மாதிரி ஒன்று. அவர் வெள்ளைச் சீனியைப் பொட்டலம் கட்டினார். ஒரு நாள் கணவரைத் தேடி அவருடைய தோஸ்து ஒருவர் வந்தார். "அவர் வேலைக்குப் போட்டார், பேந்து வாங்கோ" என்றேன். போய்விட்டார், பிறகு வாருங்கள் என்று அர்த்தம். அந்த மனிதர் வாசலிலேயே நின்று, "எத்தப் போட்டாரு?" என்று கேட்டார். நான் சொன்னதையே திரும்பச் சொன்னேன். அவரும் கேட்டதையே திரும்பக் கேட்டார். கடைசியில் இரண்டு பேரும் ஒரு முடிவுக்கும் வராமல் அவர் போய்விட்டார்.

முற்றத்துக்கு எதிர் அறையில் ஒரு முஸ்லிம் குடும்பம். கணவர் தோல் மண்டியில் வேலை பார்த்தார். அவர் வரும்போது அந்த வாடையும் கூடவே வரும். மனைவி என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், உரத்த குரல், வேகமான கை. அக்கா என்று கூப்பிட்டேன். என்னிடம் முதலில் பேசியவர் அவர்தான்.

"இன்னாமே, எந்த ஊரு நீ?"

"யாழ்ப்பாணம் அக்கா."

"யாப்பாணமா? அது பொயிலப் பேராச்சே."

"ஓம், புகையிலை அங்கேயிருந்துதான் வாறது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஆமாம் என்பதற்கு நான் ஓம் என்றதும், வாங்கோ போங்கோ என்றதும், என் கணவரை இஞ்சாருங்கோ என்று கூப்பிட்டதும் அவர் காதில் வேறு மாதிரி விழுந்திருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? சில நாள் கழித்துக் குழாயடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கடற்கரையில் பிறந்த எனக்கு மீன் வெட்டச் சொல்லித் தர வேண்டியதில்லை. அக்கா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் என் கையையே பார்த்தார்.

"நல்லாத்தான் பழக்கிக்கீறான்" என்றார்.

"ஆர்?"

"வுடு. ஏம்மே, உங்க வூட்ல உன்னத் தேடமாட்டாங்களா?"

எங்கள் பேச்சில் தேடுவது என்றால் பிரிவில் மனம் ஏங்குவது. "அம்மா தேடுவா அக்கா. தேடித்தான் இருப்பா."

"அண்ணன் தம்பி?"

"அண்ணைமார் ரெண்டு பேருக்கும் சரியான கோவம். எண்டாலும் ஒரு நாளைக்கு வருவினம்."

அக்காவின் முகம் மாறியது. என் தோளில் கை வைத்து, "நீ ஒண்ணியும் பயப்படாத. நாங்க கீறோம்" என்றார். எதற்குப் பயப்பட வேண்டும் என்று விளங்காவிட்டாலும், ஒருவர் அப்படிச் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது. அன்று சாயங்காலம் அவர் கொடுத்தனுப்பிய இறைச்சிக் குழம்பை நானும் என் கணவரும் சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகு நடந்தவை இன்னும் விளங்காதவை. நான் கறிவேப்பிலை வாங்கப் போனாலும் அக்கா தன் மகளைக் கூட அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளம்பினால் முக்காடு நன்றாக இழுத்துப் போடு என்றார். ஒரு நாள் விறகுக் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினேன். வாசலிலேயே நின்றிருந்தவர் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, "ஜல்தி உள்ள போ, தாப்பா போட்டுக்கோ. கொஞ்ச நாளைக்கி வெளியவே தல காட்டாத" என்றார். ஏன் என்று கேட்டேன். "சொன்னாக் கேளு" என்றார். ஊரில் கலவரமோ, கொள்ளைநோயோ என்று நினைத்துக்கொண்டு ஜன்னலைக்கூடச் சாத்தினேன். சாயங்காலம் கணவர் வந்து, கலவரமும் இல்லை, நோயும் இல்லை, ஏன் இருட்டில் உட்கார்ந்திருக்கிறாய் என்று சத்தம் போட்டார்.

நீட்டிப்புக்கு விண்ணப்பித்திருந்த போலீஸ் அலுவலகத்திலிருந்து கொஞ்ச நாளில் ஒரு கடிதாசி வந்தது. நாங்கள் கொடுத்த விலாசத்தில் விசாரித்ததில் அப்படி ஒரு வெளிநாட்டுப் பெண் அங்கே வசிக்கவில்லை என்று தெரிகிறது. பொய்யான விலாசம் கொடுத்ததற்குக் காரணம் சொல்லி, ஆளை நேரில் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் நீட்டிப்பு கிடையாது.

அந்தக் கடிதாசியை வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் முழித்தோம். என் அறையில் நான் இருக்கிறேன், நான் இங்கே இல்லை என்று எழுதியிருக்கிறது. கொழும்பில் அவரைப் போகச் சொன்னபோது அவர் இப்படிக் கலங்கவில்லை. இவளையும் அனுப்பிவிட்டால் நான் எங்கே போவது, அங்கே எனக்கு இடமில்லை, இங்கே இவளுக்கு இடமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு முற்றத்தில் இறங்கி நின்று, யார் போலீசில் பொய் சொன்னது என்று சத்தம் போட்டார்.

எதிர் அறைக் கதவு திறந்தது. அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தார்.

"நான்தான் சொன்னேன். இன்னா இப்போ? அய்யமாரு வூட்டுப் பொண்ண இட்டுகினு வந்து ஒளிச்சி வெச்சிக்கீற. அவ அண்ணனுங்க கம்ப்ளெய்ன்ட் குடுத்து, அன்னிக்கி அவ வெறகுக் கடைக்குப் போனப்ப போலீஸ் வந்து நிக்குது. இந்தப் பேர்ல யாராச்சும் கீறாங்களான்னு கேட்டான். அப்டி யாரும் இல்லன்னேன். புடிச்சிக் குடுக்கச் சொல்றியா நீ?"

நான் படியில் நின்றுகொண்டிருந்தேன்.

"ஆரக்கா அய்யர் பெண்?" என்று கேட்டேன்.

"நீதான்."

அவருக்கு விளக்க வெகுநேரம் பிடித்தது. நான் சிலோன்காரி என்று கணவர் சொன்னார். சிலோனில் அய்யர் இல்லையா என்று அக்கா கேட்டார். பிறந்ததிலிருந்தே மாதா கோயிலுக்குப் போகிறவள் என்று நான் சொன்னேன். அக்கா என் தாலியில் இருந்த சிலுவையை எடுத்துப் பார்த்தார். கல்யாணத்துக்காக மதம் மாற்றிவிட்டார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாராம். கடைசியில், "அப்ப அவன் வெளிநாட்டுக்காரின்னு கேட்டது உன்னியா? நான் வெள்ளக்காரின்னு நெனச்சி அப்டி யாரும் கெடியாதுன்னு அத்தயும் சொல்லிட்டனே" என்றார். உடனே, "நாளைக்கி நானும் வரேன். நானே சொல்லிக்கிறேன்" என்றார்.

மறுநாள் நாங்கள் மூவரும் போனோம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு என் கணவர் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அதிகாரி வயதானவர், மூக்குக்கண்ணாடி போட்டவர். எங்களை வெகுநேரம் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் பிறகு கூப்பிட்டார். அக்கா எங்களுக்கு முன்னால் போய் நின்றார்.

"நீங்க யாரும்மா?"

"எதிர் வூடு சார். இது எங்க பொண்ணு மாதிரி."

"இவங்க வெளிநாட்டவர், அந்த வீட்ல இருக்காங்கன்னு நீங்க சொல்லணும். அதுக்குத்தான் கேக்கறேன்."

"வெளிநாடுன்னு எப்டி சார் சொல்றது? எங்க கூடத் தண்ணி புடிக்கிது."

"அன்னைக்கு யாரும் இல்லைன்னு சொல்லியிருக்கீங்க."

அக்கா நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னார். அய்யமாரு கதையையும் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நீங்க பேசுங்கம்மா" என்றார் என்னிடம்.

"என்னத்தைக் கதைக்கிறது ஐயா? எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. நான் அங்கேதான் இருக்கிறன்."

அவர் வாய் லேசாகக் கோணியது. "இந்தப் பேச்சைக் கேட்டிருந்தா நானும் அய்யர் பொண்ணுன்னுதான் நினைச்சிருப்பேன்" என்று பக்கத்திலிருந்த குமாஸ்தாவிடம் சொன்னார். பிறகு ஒரு தாளில் எழுதச் சொன்னார்: இன்ன பெயருள்ள வெளிநாட்டுப் பெண் எங்கள் எதிர் அறையில் வசிப்பது உண்மை. குமாஸ்தா எழுதிப் படித்துக் காட்டினார். அக்கா கைநாட்டு வைக்க வேண்டும்.

அவர் விரலை மையில் தோய்த்துவிட்டு நிறுத்தினார். "அந்த வெளிநாட்டுன்றத எடுத்துட்டு எழுது நைனா."

"எடுத்தா இவங்களுக்கு நீட்டிப்புக் கிடைக்காதும்மா."

"வெளிநாட்டுக்காரின்னு சொன்னாத்தான் இங்க இருக்க வுடுவியா?"

"ஆமா."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். எனக்கே அது சரியாகப் பிடிபடவில்லை. கணவர் மெல்ல, "வையிங்க அக்கா" என்றார். வைத்தார். மை காய்வதற்குள் குமாஸ்தா தாளை இழுத்துக்கொண்டார்.

நீட்டிப்புக் கிடைத்தது. திரும்பும்போது பஸ்ஸில் அக்கா மை பட்ட விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தார். ராயபுரம் பாலத்தில் ஏறும்போதுதான் கேட்டார்: "நீ தமிழ்தானமே? அப்பறம் இன்னாத்துக்கு இவ்ளோ?" நான் விளக்க ஆரம்பித்தேன். இலங்கை, யாழ்ப்பாணம், சட்டம், என் கணவரைப் போகச் சொன்னது. கேட்டுக்கொண்டே வந்தவர் கல்மண்டபத்தில் இறங்கியதும், "சரி வுடு, கொழாயில தண்ணி வர்ற நேரம்" என்று முன்னால் நடந்துவிட்டார்.

அன்றிலிருந்து அவரே எனக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார். எந்தக் கடையில் மண்ணெண்ணெய் அளவு குறையாது, ரொட்டி விற்கிற சைக்கிள்காரர் எப்போது வருவார், காசிமேட்டில் யாரிடம் மீன் கேட்கலாம் என்று. ஊருக்குப் புதிதாக வந்தவள் என்று தெரிந்த பிறகுதான் எனக்கு ஊர் கிடைத்தது. நான் பேசுவதைக் கேட்டு முற்றத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். அதில் குத்தல் இருக்காது.

அடுத்த வருஷம் எனக்கு ஆண் குழந்தை பிறந்தது. மறுபடியும் நீட்டிப்புக்குப் போக வேண்டிய நேரம். கணவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. அக்காதான் கூட வந்தார். அதே அதிகாரி. குழந்தைக்கும் சேர்த்து எழுத வேண்டுமா என்று கேட்டேன். எங்கே பிறந்தது என்று கேட்டார். ராயபுரம் ஆஸ்பத்திரியில் என்றேன்.

"அப்ப அதுக்கு ஒண்ணும் வேண்டாம். அது இந்தியக் குழந்தை. உங்களுக்குத்தான் வேணும்."

நான் குழந்தையைப் பார்த்தேன். அது என் சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. பால் கொடுக்கிற நேரம். இதை இங்கேயே விட்டுவிட்டு நான் மட்டும் போக வேண்டி வருமா என்று கேட்க நினைத்தேன், ஆனால் அதை எந்தச் சொல்லில் கேட்பது என்று தெரியவில்லை. அவர் அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். முத்திரை குத்துவதற்கு வேறு ஜன்னலில் நிற்கச் சொன்னார்கள். அக்கா குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "நீ போயி நில்லு, நான் பாத்துக்கிறேன்" என்று பெஞ்சில் போய் உட்கார்ந்தார். நான் வரிசையின் கடைசியில் போய் நின்றேன்.