களமருதூர்ப் பானையும் பூங்காவனமும்

செவ்வாய்க்கிழமை காலை பூங்காவனத்தின் தம்பி போன் செய்தார். "அக்கா போயிட்டாங்க சார். மாரடைப்பு. சொந்த ஊரு நைனார்பாளையத்துக்கு எடுத்துக்கினு போறோம்" என்றார். நான் நம்பவில்லை. இரண்டு முறை திருப்பிக் கேட்டேன். பூங்காவனத்தோடு தொல்லியல் துறையில் பதினோரு வருடம் வேலை பார்த்தவனுக்கு எதையும் ஒரே தடவையில் நம்ப வராது.

அவரை உங்களில் பலருக்குத் தெரியும். பழைய மண்பாண்டத்தை உடைக்காமல், கையடக்க எக்ஸ்ரே கருவியை எதிரில் பிடித்தே அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பார்ப்பார். சுற்றிலும் படமெடுத்து முழுப் பானையாகக் கணினியில் ஏற்றுவார். எது வந்தாலும் அவருடைய முதல் பேச்சு ஒன்றுதான்: "யார் கையிலேர்ந்து யார் கைக்கு வந்துச்சு, அத்தச் சொல்லுங்க."

களமருதூரில் நிலத்தைச் சமன்படுத்தும்போது கோவிந்தன் என்ற விவசாயிக்கு ஒரு கறுப்பு சிவப்புப் பானை கிடைத்தது. தோள்பகுதியில் பழைய எழுத்து. அதை முதலில் படித்துச் சொன்னவன் நான். மேலிடத்துக்கு அறிக்கையும் அனுப்பிவிட்டேன். பிறகுதான் பானை பூங்காவனத்திடம் போனது. பெரிதாக்கிய படத்தைக் காட்டி, "மத்த கீறல்ல எல்லாம் வெள்ளையா சுண்ணாம்பு படிஞ்சிருக்குது. எழுத்து மட்டும் ஏன் சார் இவ்ளோ சுத்தமா கீது?" என்றார். பொறாமை என்று நினைத்துக்கொண்டு இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அதற்குள் எழுத்து புதுசு, அதைக் கீறியதே கோவிந்தன்தான் என்று பேச்சு கிளம்பிவிட்டது. திருக்கோவிலூரில் இருந்த எங்கள் அறைக்கு அவரை வரவழைத்தார்கள். நாற்காலி காலியாக இருந்தும் அவர் உட்காரவில்லை. "எனக்கு இன்னாங்க தெரியும் அந்த எழுத்து? இந்த மிஷின வெச்சு என்னயும் புடிச்சுப் பாப்பீங்களா?" என்றார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பானை கெடச்ச அன்னிக்கி யாராச்சும் போன்ல படம் புடிச்சாங்களாங்க?" என்று பூங்காவனம் கேட்டார். கோவிந்தனுடைய மகள் எடுத்திருந்தாள். படத்தில் எழுத்து இருந்தது, உள்ளே வெள்ளைப் படிவோடு. ஆக, எழுத்து பழசு. யாரோ பிறகு சுரண்டியிருக்கிறார்கள். கருவியை எழுத்தின் மேல் பிடித்தார். செம்பும் துத்தநாகமும் கொஞ்சம் காட்டியது. பானையில் வேறெங்கும் துத்தநாகம் இல்லை.

"பித்தளை" என்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார். "உங்ககிட்ட வந்தப்புறம் யாரு தொட்டாங்க சார்?"

நான்தான். தெளிவாகப் படிக்க வேண்டுமென்ற அவசரத்தில், பானை வந்த அன்றே பித்தளை ஊசியால் சுத்தம் செய்திருந்தேன். எழுத்து ஏன் சுத்தமாக இருக்கிறது என்று பூங்காவனம் முதல் முறை கேட்டபோதே எனக்குத் தெரியும். சொல்லாமல் இருந்தேன். இப்போது கோவிந்தன் முன்னால் சொன்னேன். அந்த மனிதர் என்னைத் திட்டவில்லை. "அப்ப நான் போவலாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று மாலை பூங்காவனம் எழுதிய பதிவில் சுரண்டியவன் என்று என் பெயர் இருந்தது. எடுத்துவிடச் சொன்னேன். "படிச்சவரு பேரு போட்டா சுரண்டுனவரு பேரும் போடணும்ல?" என்றார். மறுநாள் அவரே களமருதூர் போய் கோவிந்தனிடம் அதன் நகலைக் கொடுத்துவிட்டு வந்தார். என்னையும் கூப்பிட்டார். நான் போகவில்லை. இன்றுவரை போகவில்லை.

இப்போதெல்லாம் எந்தப் பானை கைக்கு வந்தாலும், அதை நான் என்ன செய்தேன் என்பதை முதலில் எழுதி வைக்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். எழுதியதை வாங்கி, நம்பாமல் இன்னொரு முறை பார்க்க இனி ஆளில்லை.