உப்பு போட்டும் அடங்காத முள்

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். இன்று முத்தையாபுரத்தில் மூன்று எலக்ட்ரிக் கடைக்கு முதலாளி. யாரும் தூக்கிவிடவில்லை, நானே ஏறி வந்தேன். ஆனால் கம்பி விஷயத்தில் எனக்கு மேலே ஒருவன் இருந்தான் என்றால் அது தந்தி லைன்மேன் ஜீவமணிதான். நானும் அவனும் ஒரே வயது. அவன் கம்பத்தின் மேலே, நான் கீழே கூலி.

காலையில் கம்பத்தில் ஏறினால் டெலிபோன் குழலைக் கம்பியில் மாட்டிக் காதில் வைத்தபடி சொக்கிப்போய் நிற்பான். கேட்டால், குருவி கத்துகிறது என்பான். நாங்கள் சிரிப்போம்.

பிற்காலத்தில் வயர் வாங்க வந்த காலேஜ் வாத்தியார் ஒருவர் எனக்கு அதை விளக்கினார். பூமியின் காந்தம் வானத்தில் வெகுதூரம் கோடுகோடாக வளைந்து கிடக்கிறதாம். சூரியனிலிருந்து வரும் மின்துகள்கள் அதில் அகப்பட்டு, அந்தக் கோடுகளைச் சுற்றிச் சுழலுமாம். சன்னமான அலை ஒன்று அந்த வழியே வந்து, துகளின் சுழற்சியும் அலையின் சுழற்சியும் ஒத்துப்போனால், துகள் தன் வேகத்தை அலைக்குக் கொடுத்துவிடுமாம். அலை பெருகுமாம். அந்த அலைதான் நீளக் கம்பியில் சிக்கி, குழலில் குருவிச் சத்தமாகக் கேட்குமாம். தோணி இழுக்கிறவர்கள் ஒரே மூச்சில் இழுப்பதுபோலவா என்று கேட்டேன். அசந்துவிட்டார். ஆனாலும் அந்தச் சத்தம் நம் தென்கோடிக்கு எட்டாது என்றார். அவருக்கு ஜீவமணியின் காதைத் தெரியாது.

1941 செப்டம்பர் பதினெட்டு, காலை பத்து மணி. திருநெல்வேலி லைனில் தந்தி நின்றுபோனது. யாரும் தொடாமலே, கம்பியில் ஓடும் மின்சாரத்தைக் காட்டும் மீட்டர் முள் இரண்டு பக்கமும் ஆடியது. யுத்தகாலம். அன்று காலை கம்பத்தில் ஏறியவன் ஜீவமணி ஒருவன்தான். லைனைக் கெடுத்தவன் அவனே என்றார் தந்தி மாஸ்டர் சங்கரலிங்கம். சாயங்காலத்துக்குள் சரியாகவில்லை என்றால் வேலையும் போகும், போலீசும் வரும்.

அந்நாளில் தந்திக்கு ஒரே கம்பி. மின்சாரம் பூமி வழியாகத் திரும்பும். அதற்காகக் கொல்லையில் குழி தோண்டித் தகடு புதைத்திருக்கும், அதுதான் எர்த். எர்த் வறண்டால் உப்பைக் கொட்டித் தண்ணீர் ஊற்றுவது எங்கள் ஊர் வைத்தியம். உப்பளத்து ஊரில் உப்புக்கா பஞ்சம்? இரண்டு ஓலைக் கடகப்பெட்டி நிறைய நான்தான் சுமந்து கொட்டினேன். முள் முன்னைவிட வெறியாக ஆடியது. இன்னொரு பெட்டி கொண்டுவரச் சொன்னார் மாஸ்டர்.

ஜீவமணி என் கையைப் பிடித்தான்.

"நில்லுலே பாண்டி. உப்பு போடப் போடக் கூடுதுன்னா, சனியன் பூமி வழியால்லா வருது."

இரண்டு ஊரிலும் எர்த்தைக் கழற்றிவிட்டு, அதே கம்பங்களில் சும்மா கிடந்த இன்னொரு கம்பியைத் திரும்பும் வழியாகக் கட்டலாம் என்றான். எர்த் இல்லாமல் தந்தியா என்று மாஸ்டர் சீறினார்.

"ஒரு தடவ பாருங்கய்யா. பொறவும் ஆடிச்சின்னா நானே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து போயிருதேன்."

ரயில்வே டெலிபோனில் திருநெல்வேலி ஆபீசிலும் அப்படியே மாற்றச் சொல்லி, இங்கே ஜீவமணி கம்பியை மாற்றிக் கட்டினான். முள் நடுவில் வந்து நின்றது. மாஸ்டர் தந்திச் சாவியைத் தட்டினார். திருநெல்வேலி பதில் தட்டியது.

அன்று சூரியன் பலமாக வீசி வானத்துக் காந்தத்தையே உலுக்கியது, அதனால்தான் பூமிக்குள்ளும் மின்சாரம் ஓடியது என்று வாத்தியார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு யாருக்குத் தெரியும்? எப்படிக் கண்டுபிடித்தாய் என்று மாஸ்டர் கேட்டார். ஜீவமணி என்னைக் காட்டினான்.

"இவன் கொட்டுன உப்புதான் காட்டிக் குடுத்திச்சு."

மாஸ்டர் போலீஸ் பேச்சையே எடுக்கவில்லை. தகட்டை அரித்துவிடும் என்று, கொட்டிய உப்பை வாரச் சொன்னார். உச்சி வெயிலில், முழங்கால் வரை சேற்றில் நின்று நாங்கள் இருவரும் வாரினோம். வேலை பிழைத்த சந்தோஷத்தில் அவன் பேசிக்கொண்டே இருந்தான். அத்தனை பேச்சு அவன் அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை.