செவலையின் கொம்பில் நான் கட்டிய காப்பு

மாட்டை விரதம் இருக்க வைத்த மனிதன் இந்த ஜொகூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வேறு யாராவது இருந்தால் சொல்லியனுப்புங்கள், சேர்ந்து உட்கார்ந்து வெட்கப்படலாம். அம்மன் செய்த உதவியைச் சொல்ல வந்தவன் முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் அவள் கருணையின் அளவு உங்களுக்குத் தெரியாது.

ரெங்கத்துப் பக்கம் ஒரு தோட்டத்தில் எனக்குப் பால்மரம் வெட்டும் வேலை. ரப்பர் விலை விழுந்து, பாதிப் பேர் ஊருக்குக் கப்பலேறிப் போய்விட்ட சமயம். வீட்டில் செவலை என்று ஒரு பசு. அது என் மனைவி பாக்கியத்தின் பசு. சின்னக் கன்றாக வந்ததைக் கஞ்சித் தண்ணீர் ஊட்டி வளர்த்தாள். சித்திரையில் செவலை முதல் கன்று போட்டது. மற்ற மாடுகள் இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி பருவத்துக்கு வந்து, காளைக்குக் கத்தும். செவலை கத்தவே இல்லை. ஆடி போயிற்று, ஐப்பசி போயிற்று. பாலும் சுண்டிக்கொண்டே வந்தது.

மார்கழியில் துரை உத்தரவு போட்டார். புல் போதவில்லை, வருகிற ஆடித் திருவிழாவுக்குள் சினையாகாத மாடு ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் இருக்கக் கூடாது. தெப்ராவ் பக்கத்திலிருந்து வியாபாரி வந்து ஓட்டிப் போவான். எங்கே ஓட்டிப் போவான் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அன்று பாக்கியம் சாப்பிடவில்லை. செவலையின் கழுத்தைத் தடவிக்கொண்டே தொழுவத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அம்மனிடம் ஓடினேன். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், ஒரு வேளைச் சோறு என்று நேர்ந்து காப்புக் கட்டிக்கொண்டேன். அதோடு நின்றிருக்கலாம். என் மூளை நிற்கவில்லை. கன்று வேண்டியது யாருக்கு? செவலைக்கு. அப்படியானால் விரதமும் செவலைதானே இருக்க வேண்டும்? பூசாரியிடம் கேட்டால் வேண்டாம் என்பார். அதனால் கேட்கவில்லை. நானே ஒரு மஞ்சள் கயிற்றை அதன் கொம்பில் கட்டினேன். அதற்கும் ஒரு வேளைதான்: சாயங்காலம் ஒரு கட்டுப் புல். தவிடு கிடையாது.

"ஏங்க, வாயில்லாத சீவன். அதுக்கு என்னாங்க வெரதம்?" என்றாள் பாக்கியம்.

"சும்மா இரு புள்ள. சாமி விசயத்துல பேசாத."

லயத்துக்காரர்கள் விடுவார்களா? "என்னண்ணே, செவலை எப்ப காவடி எடுக்குது?"

மூன்று வாரம் போனது. காலைப் பிரட்டில் கங்காணி ஆள் எண்ணுவதுபோல் செவலையின் விலா எலும்புகளை எண்ணலாம். போதாததற்கு, வளர்ந்த கன்று இன்னும் மடியை முட்டிக்கொண்டிருந்தது. பருவம் எங்கே வரும்? எழுந்து நிற்கவே அதற்குத் தெம்பில்லை.

தையில் ஒரு வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து கோயிலுக்குப் போய் அழுதேன். "தாயே, எனக்குத் தெரிந்ததெல்லாம் செய்துவிட்டேன். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். இனி நீயே பார்த்துக்கொள்" என்றேன். அதுவரை அவளுக்கு நான் வழி சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றுதான் கேட்டேன்.

வீட்டுக்கு வந்தால் தொழுவம் காலி. வேலியில் ஒரு பெரிய சந்து. அதன் கம்பியில் கொம்புக் காப்பு அறுந்து தொங்கியது.

குளம்படியைப் பார்த்துக்கொண்டே பக்கத்துக் கம்பத்துக்கு, மலாய்க்காரர்களின் கிராமத்துக்கு, ஓடினேன். அங்கே தேங்காய் எண்ணெய் காய்ச்சும் ஒரு மலாய்க்கார அம்மாள் வீட்டு வாசலில், தேங்காய்ச் சக்கைக் குவியலுக்குள் செவலை கண்வரை முகத்தைப் புதைத்திருந்தது. திட்டு விழப்போகிறது என்று நின்றேன். அந்த அம்மாள் அதன் விலாவைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"லாப்பார்! காசியான் லா!"

பசியாம். பாவமாம். தினம் ஒரு கூடை சக்கை வந்து எடுத்துப் போ என்று கையைக் காட்டினாள்.

நான் கட்டிய காப்பை அவிழ்க்க எனக்குப் புத்தி வராது என்று தாய்க்குத் தெரியும். அவளே அறுத்துவிட்டாள். அறுத்து, சாப்பாடு இருக்கும் வாசலுக்கு ஓட்டியும் போனாள். வேலி பழசு என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. என் மண்டலத்தை நான் முடித்தேன். செவலையின் மண்டலம் அன்றோடு முடிந்தது.

அதன்பின் சக்கை, தவிடு, புல். கன்றைத் தனியே கட்டினோம். ஐந்து வாரம். மாசியில் ஒரு காலை பிரட்டுக்குக் கிளம்பும்போது, லயமே திரும்பிப் பார்க்கும்படி ஒரு கத்தல். வாலைத் தூக்கிக்கொண்டு, பின்னால் கண்ணாடி போல வழும்பு ஒழுக, பக்கத்து வீட்டு மாட்டின் மேல் தாவிக்கொண்டிருந்தது செவலை! துண்டை வீசிக் குதித்தேன்.

"என்னடா, பொண்டாட்டி முழுகாம இருக்காளா?" என்றார் கங்காணி.

"இல்லீங்க, மாடு கத்துதுங்க!"

"கிறுக்குப் பயலே, இங்க ஏன்டா ஆடுற? காளைகிட்ட ஓட்டுடா!"

பால்கார சிங்கின் காளையிடம் ஓட்டினோம். மூன்று வாரம் நாள் எண்ணினேன். நாலாவது வாரமும் எண்ணினேன். செவலை மறுபடி கத்தவில்லை; சினை பிடித்துவிட்டது.

திருவிழா முடிந்ததும் வியாபாரி வந்தான். செவலையின் வலது வயிற்றில் முட்டியை வைத்து அழுத்தினான். உள்ளேயிருந்து ஒரு முட்டு திரும்பி வந்தது.

"அஞ்சு மாசம் தாண்டிருச்சு. இது எனக்கு இல்ல தாயி" என்று கயிற்றைப் பாக்கியத்தின் கையில் கொடுத்தான். அவள் கயிற்றைப் பிடித்தபடி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அன்று முதல் நான் சாமிக்கு யோசனை சொல்வதில்லை. தவிப்பில் இருப்பவர்களே, நீங்களும் அவளிடம் போங்கள். வேண்டியதைக் கேளுங்கள், எப்படிச் செய்வது என்பதை அவளிடமே விட்டுவிடுங்கள். அவள் கைவிட மாட்டாள். மாட்டுக்கு மட்டும் தீனி வைத்துவிட்டுப் போங்கள்.

கார்த்திகையில் செவலை கன்று போட்டது. பாலைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேட்டேன்: "பாத்தியா பாக்கியம், நான் கும்பிட்டது வீணாப் போகல, இல்ல?"

"மாடு கும்பிட்டிருக்கும்" என்றாள்.