கொரியாக்காரரின் முழங்காலுக்கு ஒரு துஆ

எங்கள் அறையில் இருக்கும் தஞ்சாவூர்த் தம்பிக்குக் கால்பந்துப் பைத்தியம். போன வாரம் கொரியா ஆடிய ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த ஊர்ப் பழைய ஆட்டக்காரர் ஒருவரை எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டேன். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. அதனால் அவனுக்கு ஆச்சரியம். பெயரைக் கேட்டுக் கைபேசியில் தேடி எடுத்தான். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் வரும் என்பதால் அவனே படித்துச் சொன்னான். எந்தெந்தக் கிளப்பில் ஆடினார், எத்தனை கோல் போட்டார், நாட்டு அணியில் எப்போது இருந்தார் என்று நீளமாகப் போனது. கடைசி வரியில் இதே தோஹாவில் இருந்த எங்கள் கிளப் வந்தது.

"முழங்கால் காயத்தால ஓய்வு. அவ்ளோதாண்ணே, முடிஞ்சிருச்சு" என்றான்.

அந்த முழங்காலை நான் என் இரண்டு கையாலும் பிடித்திருக்கிறேன்.

வாப்பா அந்தக் கிளப்பில் துணி துவைக்கும் வேலையில் இருந்தார். மைதானத்துக்குப் பின்னால் அவருடைய சலவை அறை. அதை ஒட்டிக் கிளப் கொடுத்த இரண்டு அறைகளில் நாங்கள் குடியிருந்தோம். நான் ஐந்தாம் வகுப்பு. மற்ற ஆட்டக்காரர்கள் சட்டை வாங்க ஆள் அனுப்புவார்கள். கோல் அடிக்கிற கொரியாக்காரர் மட்டும் தானே வருவார். வந்ததும் கதவைச் சாத்திவிட்டு, துவாலை மூட்டையின் மேல் உட்கார்ந்து வலது காலை நீட்டுவார். அந்தக் காலை அவரால் முழுதாக மடக்க முடியாது.

வாப்பாவுக்கும் நின்று நின்று முட்டி போய்விட்டது. நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுவார். தனக்குச் செய்துகொள்ளும் வைத்தியத்தையே அவருக்கும் செய்தார். துவாலையை நனைத்து, இஸ்திரி மெஷினுக்கு அடியில் கொடுத்து அழுத்தி, ஆவி பறக்க எடுத்து உதறி முழங்காலில் சுற்றுவது. சுற்றியது நழுவாமல் பிடித்துக்கொள்வது என் வேலை.

"பாய், டூ மச் ஹாட்!" என்று கொரியாக்காரர் துள்ளுவார்.

"சப்ர் கேப்டன், சப்ர்" என்று பொறுத்துக்கொள்ளச் சொல்வார் வாப்பா. பிறகு என் பக்கம் திரும்பி, "எங்க ரெண்டு பேரு முட்டியையும் சேத்து இஸ்திரி போட்டாலும் ஒரு நல்ல முட்டி தேறாது" என்பார். தமிழ் புரியாமலே கொரியாக்காரரும் சேர்ந்து சிரிப்பார்.

கிளப் டாக்டருக்குத் தெரிந்தால் கொரியாக்காரரின் ஒப்பந்தம் போய்விடும். இன்னும் ஒரே ஒரு வருடம் ஆட வேண்டும் என்பது அவர் ஆசை. "ஒன் சீசன், பாய். பாத் மே கலாஸ்" என்று, அதற்குப் பிறகு முடித்துக்கொள்வதாக ஒரு விரலைக் காட்டுவார். ஆட்டத்தைத் தானாக விட்டுப் போக வேண்டும், யாரும் எழுப்பி அனுப்பிவிடக் கூடாது என்று நினைத்திருப்பார். புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட ஒரு வாரம்தான் இருந்தது. அந்த வாரம் பார்த்து முழங்கால் பூசணிக்காய் போல வீங்கிவிட்டது.

"இந்தா பாரு, யார்ட்டயும் வாயத் தொறந்துராத" என்று வாப்பா என்னிடம் சொன்னார். அப்படிச் சொல்ல வேண்டியதே இல்லை. பள்ளிக்கூடத்தில் என் குரலைக் கேட்காத வாத்தியார்கள் இருந்தார்கள்.

அஸர் தொழுகைக்குப் பிறகு பக்கத்துப் பள்ளிவாசலில் எங்களுக்கு ஓதிக்கொடுத்தவர் எகிப்துக்காரரான மிஸ்ரி இமாம். வியாழக்கிழமைதோறும், வீட்டில் யாருக்காவது நோயா என்று பிள்ளைகளிடம் கேட்பார். மறுநாள் வெள்ளிக்கிழமை ஜும்ஆவில், குத்பா பிரசங்கத்தின் முடிவில் அவர்களுக்காக அல்லாஹ்விடம் கேட்டுத் துஆ செய்வார். அவர் துஆ செய்து என் கூட்டாளியின் உம்மாவுக்குக் காய்ச்சல் விட்டதை நான் பார்த்திருக்கிறேன். 'யாரிடமும்' என்று வாப்பா சொன்னது மனிதர்களைத்தான், அல்லாஹ்வை அல்ல என்று எனக்குத் தோன்றியது. அந்த வியாழக்கிழமை அவர் கேட்டபோது முதல் தடவையாகக் கையைத் தூக்கினேன். எனக்குத் தெரிந்த அரபியில் கொரியா, முழங்கால், வலி என்ற மூன்றையும் சொன்னேன். இமாமும் எங்கள் கிளப்பின் ரசிகர். என் தலையில் கை வைத்து, "மாஷா அல்லாஹ்" என்றார்.

மறுநாள் குத்பாவின் முடிவில், எங்கள் கொரியச் சகோதரரின் முழங்காலைக் குணமாக்குவாயாக என்று அவர் உருக்கமாகக் கேட்டார். பள்ளிவாசல் முழுக்க "ஆமீன்" என்றது. முன் வரிசையில் இருந்த கிளப் மேனேஜரும் சொன்னார். இத்தனை பேர் கேட்டால் அல்லாஹ் கொடுக்காமலா இருப்பான் என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நாற்காலியில் இருந்த வாப்பாவை அண்ணாந்து பார்த்தேன். ஏந்தியிருந்த அவர் கைகள் மெல்ல இறங்கி முட்டியின் மேல் கிடந்தன.

அன்று சாயங்காலமே மேனேஜர் டாக்டரைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். கொரியாக்காரரைப் புல்லில் படுக்க வைத்து, டாக்டர் காலைப் பிடித்து மடக்கினார். படுத்திருந்தவர் ஒரு கையால் புல்லைப் பிடுங்குவது எங்கள் வாசலில் இருந்தே தெரிந்தது. நான் உள்ளே ஓடி, "உம்மா, துஆ கபூலாயிருச்சு! அல்லா ஏத்துக்கிட்டான்! டாக்டரே வந்துட்டாரு!" என்றேன்.

ஒப்பந்தம் வரவில்லை. மறைத்ததற்காக வாப்பாவின் வேலையும் போனது.

"யாருங்க சொல்லியிருப்பா?" என்று உம்மா கேட்டார்.

வாப்பா மெஷினைத் துடைத்துக்கொண்டே, "தெரியல" என்றார்.

ஊருக்குத் திரும்பினோம். ஆறாம் வகுப்புக்கு நான் போகவில்லை, கடை வேலைக்குப் போனேன். ஏன் வந்துவிட்டோம் என்று கேட்கும்போதெல்லாம் வாப்பா, "ஆளக் கொறச்சாங்க" என்பார். மௌத்தாகிக் கண்ணை மூடும்வரை அதையே சொன்னார். பல வருடம் கழித்து நானும் வேலைக்கு இங்கே வந்து, நஜ்மா பகுதிப் பள்ளிவாசலில் ஒரு ஜும்ஆவில் யாரோ ஒரு நோயாளிக்காக எல்லோரும் கை ஏந்தியிருந்தபோதுதான், அன்றைக்குச் சொன்னது யார் என்று எனக்கு விளங்கியது. என் கையும் தானாக இறங்கிவிட்டது.

கொரியாக்காரர் போவதற்கு முன் கடைசியாகச் சலவை அறைக்கு வந்தார். அன்று கதவைச் சாத்தவில்லை. தேவையே இல்லாவிட்டாலும் வாப்பா துவாலையைச் சூடுபண்ணிக் கொண்டுவந்தார், நான் பிடித்துக்கொண்டேன். வாப்பா தணிந்த குரலில் அவரிடம் ஏதோ சொன்னார். சொல்லும்போது ஒரு தடவை என்னைப் பார்த்தார். கொரியாக்காரர் குனிந்து தன் முழங்காலைப் பார்த்தார். அதைப் பிடித்திருந்த என் கைகளின் மேல் தன் கைகளை வைத்தார். பிறகு பள்ளிவாசலில் நாங்கள் ஏந்துவது போல அவற்றை ஏந்தி, "சோட்டா பாய், ஆமீன்?" என்றார். சின்ன பாய் என்றுதான் அவர் என்னைக் கூப்பிடுவார். அவர் கண் கலங்கியிருந்தது. துவாலைச் சூடு என்று நினைத்தேன்.

வாப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கொரியாக்காரர் எனக்கு நன்றி சொல்கிறார் என்று எண்ணி, அந்த அறையே அதிரும்படி நான் "ஆமீன்!" என்றேன்.